ஒன்பதாம் மாத இதழின் அட்டை

அந்த இணையதளத்தை அவள் திறந்ததே குற்றம் கண்டுபிடிக்கத்தான். பறப்போர் சங்கம் ஒன்று அறுபது வருடம் நடத்தி நிறுத்திவிட்ட ‘ஓடுபாதை’ என்ற விமான மாத இதழை முழுக்கப் படமெடுத்து ஏற்றியிருந்தார்கள். நாற்பதாயிரம் பக்கம். அந்த வேலைக்கு அவளுடைய கம்பெனியும் விண்ணப்பம் போட்டிருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டது. அவர்கள் அதை எந்த லட்சணத்தில் செய்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் வேலை பக்கம் சரிபார்ப்பது. பழைய கோப்புகளையும் பதிவேடுகளையும் ஒருவர் படமெடுப்பார். எடுத்ததில் பக்கம் விட்டுப்போயிருக்கிறதா, ஓரம் மடிந்திருக்கிறதா, எழுத்து மங்கியிருக்கிறதா என்று இவள் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பாள். பதினான்கு வருடமாக இதுதான். முந்நூறு பக்கம் முடித்தேன் என்று ஒருவர் சொன்னால், இருநூற்றுத் தொண்ணூற்றெட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே எண்ண ஆரம்பிப்பாள். பெரும்பாலும் அவள் நினைத்ததுதான் சரியாக இருக்கும். அலுவலகத்தில் அவளைப் பூதக்கண்ணாடி என்பார்கள். வீட்டிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் அந்தத் தளத்தை மேய்ந்தாள். ஒரு பக்கத்தில் படமெடுத்தவரின் கட்டைவிரல். ஒரு பக்கம் இரண்டு தடவை. ஒன்று குடிகாரன் நடை மாதிரி சாய்ந்திருந்தது. எல்லாவற்றையும் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டாள். யாருக்கும் அனுப்பப்போவதில்லை. மனதுக்கு நிறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் ஒரு வருடத் தொகுதியின் முதல் பக்கத்தில் அந்த முத்திரையைப் பார்த்தாள். முட்டை வடிவம், ஊதா மை. பறப்புப் பயிற்சிப் பள்ளி, பராமரிப்புப் பட்டறை. அவள் கை சோற்றிலேயே நின்றது. அது அவள் அப்பா வேலை பார்த்த பட்டறை.

அப்பாவை அங்கிருந்து துரத்தி முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. அப்போது அவளுக்கு மூன்று வயது. அப்பா பயிற்சி விமானங்களைப் பறப்பதற்கு முன் பரிசோதித்து அனுப்பும் மெக்கானிக். ஒரு பத்தாம் மாதத்துக் காலையில் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய விமானம், தரையை விட்டு ஏறிய ஒரு நிமிடத்தில் எஞ்சின் நின்று விழுந்தது. ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர் இறந்தார். கற்றுக்கொடுத்தவர் இடுப்பு ஒடிந்து பிழைத்தார். பெட்ரோல் டாங்கியில் மழைத் தண்ணீர் இருந்திருக்கிறது.

அப்பா அன்று காலை வழக்கம்போல டாங்கியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பெட்ரோலைப் பிடித்துத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்திருந்தார். சுத்தமாகத்தான் இருந்ததாம். ஆனால் அந்த ரக விமானத்தின் இறக்கைக்குள் இருந்தது ரப்பர் டாங்கி. ரப்பரில் மடிப்பு விழுந்தால் தண்ணீர் மடிப்புக்குள் பதுங்கிவிடும், அடியில் பிடித்தால் வராது. வாலை அழுத்தி, இறக்கையை ஆட்டி, கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி பிடிக்க வேண்டும். இந்த எச்சரிக்கை ஒன்பதாம் மாத ‘ஓடுபாதை’ இதழில் வந்திருந்தது. விபத்துக்கு நாலு வாரம் முன்னால்.

அந்த இதழ் தன் கைக்கு வரவே இல்லை என்பது அப்பாவின் கட்சி. விசாரணையிலும் அதைத்தான் சொன்னார். வீட்டில் அதைச் சொல்லாத வாரம் கிடையாது. வர விடாமல் செய்தவர் யார் என்பதையும் சேர்த்தே சொல்வார். பட்டறையின் பரிசோதகர். இதழ்களை மெக்கானிக்குகளுக்குச் சுற்றுக்கு விட வேண்டிய பொறுப்பு அவருடையது. அவர் வேறு யாருமில்லை, அம்மாவின் அண்ணன். அப்பாவை அந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

“மேசை டிராயர்ல போட்டுப் பூட்டி வச்சிருந்திருக்கான் உன் மாமன். விசாரணையில வந்து, எல்லாருக்கும் சுத்துக்கு விட்டேன், அந்த இதழோட சீட்டை மட்டும் காணோம்னு கூசாம சொன்னான். எப்படிக் காணாமப் போகும்? கால் மொளைச்சு நடந்துபோச்சா?”

விசாரணைக் குழு இரண்டு பேரையும் நம்பியும் நம்பாமலும் ஒரு முடிவுக்கு வந்தது. எச்சரிக்கை தெரிந்தும் அலட்சியம் செய்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை, அதனால் போலீஸ் வழக்கு இல்லை. அப்பாவின் உரிமத்தை மட்டும் பறித்தார்கள். அதன் பிறகு அவர் தண்ணீர் மோட்டார் பழுது பார்த்தே காலத்தை ஓட்டினார். மாமா ஓய்வு பெறும் வரை அதே நாற்காலியில் இருந்தார். கல்யாண வீடுகளில் ஒருவர் முன் வரிசையில் உட்கார்ந்தால் மற்றவர் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடுவார்.

இப்போது அந்த மாமாவுக்கு இதய ஆபரேஷன். அத்தை இல்லை, பிள்ளை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா என்று அம்மாவிடம் போனில் கேட்டிருந்தார். அம்மா மூன்று நாள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நாலாம் நாள் கேட்டாள். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“வாசல்ல நின்னு, ஆமா நான்தான் மறைச்சேன்னு சொல்லட்டும். சொல்லிட்டு உள்ள வரட்டும். இல்லன்னா அப்படியே திரும்பிப் போகட்டும்.”

அம்மா வாதாடாமல் அடுப்படிக்குப் போனாள். அண்ணன் ஆபரேஷன் மேசையில் போய்ச் சேர்ந்துவிட்டால் வாசலோடு திருப்பி அனுப்பிய பழி தன் தலையில் விழும் என்று பயந்தாள். பயந்ததை அவளிடம் மட்டும் சொன்னாள்.

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருக்கும்போது அந்தத் தொகுதி அவள் கண்ணில் பட்டது. விபத்து நடந்த வருடத்தைத் திறந்தாள்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. ஒவ்வொரு இதழின் முன்னட்டைக்குப் பின்புறமும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. தலைப்பில் ‘படித்தேன்’ என்று அச்சடித்து, கீழே ஒன்பது வரிசை. முதலில் பரிசோதகர், பிறகு மெக்கானிக்குகள், கடைசியில் கிடங்குக்காரர். படித்தவர் தன் வரிசையில் சுருக்கக் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுத வேண்டும். ஆறாவது வரிசை அப்பாவுடையது. அந்தக் கையெழுத்தை அவள் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பாள். எழுத்துக்கு அடியில் ஒரு கோடு, கோட்டின் நுனி விமானத்தின் வால் மாதிரி மேலே தூக்கியிருக்கும். இன்றைக்கும் கூரியர்காரரிடம் அப்படித்தான் போடுகிறார்.

முதல் மாதத்தில் இருந்தது. இரண்டாம் மாதத்தில் இருந்தது. எட்டாம் மாதம் வரை எல்லாச் சீட்டிலும் ஆறாவது வரிசையில் அந்த வால் இருந்தது. ஒன்பதாம் மாதத்தில் அட்டையே இல்லை. நேராக மூன்றாம் பக்கத்தில் ஆரம்பித்தது. இருபத்தேழாம் பக்கத்தில், கட்டம் போட்டு, அந்த ரப்பர் டாங்கி எச்சரிக்கை சிரித்துக்கொண்டிருந்தது.

அவள் மூன்றாம் பக்கத்தைப் பெரிதாக்கினாள். தையல் ஓரத்தில் ஒரு நூலளவு வெளுப்பு. இன்னும் பெரிதாக்கினாள். விரல் நகத்தில் பாதி அகலத்துக்கு ஒரு தாள் துண்டு தையலில் மிச்சம் நின்றது. அதன் விளிம்பு அளவுகோல் வைத்தது போல நேராக இருந்தது. கிழிந்த தாள் அப்படி இருக்காது, பிசிறு அடிக்கும். இது பிளேடு. நிதானமாக உட்கார்ந்து, அடிப் பக்கத்தில் கீறல் விழாமல், வேலை தெரிந்த கை அறுத்தது.

அன்று சாயங்காலம் அதை அப்பாவிடம் காட்டியது தப்பு என்று பிறகு தோன்றியது. அப்போது தோன்றவில்லை. அப்பா லேப்டாப்புக்கு முன்னால் குனிந்து அந்த வெளுத்த துண்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். திரையில் அவர் விரல் ரேகை படிந்தது.

“பாத்தியா? நான் பைத்தியக்காரன்னு நெனச்சீங்கல்ல ரெண்டு பேரும்?” என்றார். “அவனுக்குப் பட்டறையில என்ன பேரு தெரியுமா? ஒத்தக்கோடு. பதிவுல தப்பா எழுதிட்டா அழிக்கக் கூடாது, கிறுக்கக் கூடாது, தாளைக் கிழிக்கவே கூடாது. தப்பு மேல ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்துல கையெழுத்துப் போட்டு, அவன்கிட்ட காட்டி அவன் கையெழுத்தும் வாங்கணும். தாளைக் கிழிச்சவன் கையை ஒடிப்பேன்னு சொல்லுவான். அவனே அறுத்திருக்கான். என் கையெழுத்து அதுல இல்லங்கறதுக்காக அறுத்திருக்கான்.”

சமையலறையிலிருந்து அம்மா, கையெழுத்து இருந்திருந்தாலும் என்ன, இவர் எதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கல்யாணப் பதிவேட்டிலேயே சாட்சி இடத்தில் போட்டவர்தானே என்றாள். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போட சட்டையை அப்போதே எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்தார்.

அவளுக்கும் மாமா மேல் சந்தேகம் முற்றிவிட்டது. தளத்தை நடத்தும் ஆவணக் காப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். உங்கள் ஆட்கள் அட்டையை விட்டுவிட்டார்களா என்று கேட்டாள். அவர் உடனே ரோஷத்தோடு பதில் போட்டார். தொகுதிகள் வந்த நிலையிலேயே படமெடுத்தோம், ஒரு தாளை நாங்கள் எடுக்கவுமில்லை சேர்க்கவுமில்லை. அந்தப் பதினோரு தொகுதிகளை நாலு வருடத்துக்கு முன் நேரில் கொண்டுவந்து கொடுத்தவர் பட்டறையின் முன்னாள் பரிசோதகர். பட்டறையை மூடியபோது குப்பைக்குப் போக இருந்தவற்றை வீட்டில் வைத்துக் காப்பாற்றியவர் அவர். இந்தக் காலத்தில் அப்படி ஒரு மனிதரைப் பார்க்க முடியாது.

பார்க்க முடியாதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். திருடனிடமே சாவியைக் கொடுத்துவிட்டு அவனுக்கு நன்றிக் கடிதமும் எழுதியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை வரை அவள் அப்படித்தான் இருந்தாள். அன்று காலை ஸ்கேனர் ஓட்டுகிற பெரியவர் ஒரு பழைய கோப்போடு அவள் மேசைக்கு வந்தார். கோப்புக்குள் ஒட்டாமல் ஒரு ரசீது கிடந்ததாம். எந்தப் பக்கத்தோடது என்று தெரியவில்லை, எங்கே சேர்ப்பது என்று கேட்டார்.

“கடைசியில போடுங்க. நிறப்பட்டைக்கு அப்புறம்,” என்றாள், தலையைத் தூக்காமலே.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. எந்தத் தொகுதியைப் படமெடுத்தாலும் கடைசியில் நிறம் சரிபார்க்கும் அட்டை ஒன்றை வைத்து ஒரு படம் எடுப்பார்கள். நிறப்பட்டை வந்தால் தொகுதி முடிந்தது, பார்க்கிறவர் மூடிவிடுவார். ஆனால் உள்ளே சொருகிக் கிடந்த துண்டு துக்கடா எல்லாம் அதற்குப் பின்னால்தான் போகும். தூக்கிப் போடவும் கூடாது, எங்கே வைப்பது என்றும் தெரியாது. எல்லாக் கம்பெனியும் இதைத்தான் செய்யும். அவளே சொல்லிக்கொடுக்கும் பாடம். மற்றவர்கள் வேலையில் கட்டைவிரலைத் தேடியவள் நிறப்பட்டையைப் பார்த்ததும் எல்லோரையும் போல மூடியிருக்கிறாள்.

விபத்து வருடத் தொகுதியில் நிறப்பட்டைக்குப் பின்னால் ஒன்றுமில்லை. அடுத்த வருடத்தில் ஒரு பஸ் டிக்கெட். விபத்துக்கு முந்திய வருடங்களில் ஒன்றில் காய்ந்த இலை, ஒன்றில் ஏதோ போல்ட் நட்டு வாங்கிய பட்டியல். ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போனாள். விபத்துக்கு ஆறு வருடம் முந்திய தொகுதியில், நிறப்பட்டைக்குப் பின்னால் மூன்று படங்கள். முதலாவது யாரோ கணக்குப் போட்ட காகிதம். இரண்டாவது ஒரு வண்ண அட்டை. மஞ்சள் வால் வைத்த இரட்டை எஞ்சின் விமானம், கீழே ஒன்பதாம் மாதம், விபத்து நடந்த வருடம். இடது விளிம்பு அளவுகோல் வைத்தது போல நேராக இருந்தது.

மூன்றாவது படம் அந்த அட்டையின் பின்புறம். சீட்டு முழுசாக இருந்தது. ஒன்பது வரிசையும் நிரம்பியிருந்தன. ஆறாவதில் அந்த வால். தேதி, விபத்துக்குப் பதினெட்டு நாள் முன்னால்.

அவள் அதை ஒரு தடவைதான் பார்த்தாள். இரண்டாம் தடவை பார்க்கத் தேவையில்லாத கையெழுத்து அது. மாமா அட்டையை அறுத்தது அப்பாவின் கையெழுத்து அதில் இல்லை என்பதற்காக அல்ல. இருந்தது என்பதற்காக. அந்தச் சீட்டு விசாரணைக் குழுவின் மேசைக்குப் போயிருந்தால், எச்சரிக்கை தெரிந்தும் ஒரு ஆளைச் சாகவிட்டதாக அப்பா ஜெயிலுக்குப் போயிருப்பார்.

அறுத்தவருக்கு அதை எரிக்க மனம் வரவில்லை. ஒத்தக்கோடு அல்லவா. யாரும் தேடாத வருடத்துக்குள் சொருகி வைத்துவிட்டு முப்பத்தெட்டு வருடம் திட்டு வாங்கியிருக்கிறார்.

அந்த மூன்றாவது படத்தை அலுவலகத்தில் ஒரு நகல் எடுத்து, மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மாமா மேல் இருந்த சந்தேகம் அப்படியே கழன்று போய்விடவில்லை. இடம் மாறி அப்பா மேல் உட்கார்ந்தது. தெரிந்துகொண்டே கத்துகிறாரா, தெரியாமல் கத்துகிறாரா?

சனிக்கிழமை காலை அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவள் சும்மா கேட்பது போலக் கேட்டாள். அந்த ஒன்பதாம் மாத இதழ் அட்டையில் என்ன படம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா?

“ரெட்டை எஞ்சின். வால் மஞ்சள்,” என்றார் அப்பா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு பேப்பரைத் தாழ்த்தினார். “ஏன்?”

“ஒண்ணுமில்லப்பா.”

“அவன் மேசை மேல கெடந்தப்ப பாத்திருப்பேன். அதுக்கென்ன?”

டிராயரில் பூட்டி வைத்திருந்த இதழ் எப்படி மேசை மேல் கிடந்தது என்று அவள் கேட்கவில்லை. அப்பா பேப்பரை மறுபடி தூக்கினார். அதற்கப்புறம் வெகு நேரம் பக்கம் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டாக்ஸி வந்து நின்றது. மாமா இறங்கினார். கக்கத்தில் ஆஸ்பத்திரி ஃபைல். போன கல்யாணத்தில் பார்த்ததற்குப் பாதியாக இருந்தார். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வாசல் நிலையில் குறுக்கே நின்றார். அம்மா அவர் முதுகுக்குப் பின்னால் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“சொல்லுங்க மச்சான்,” என்றார் அப்பா.

மாமா மூச்சு வாங்கினார். இரண்டு படி ஏறியதற்கே அவருக்கு அப்படி ஆகிவிட்டது. “ஒன்பதாம் மாச இதழ நான்தான் அறுத்தேன். நான்தான் மறைச்சேன். போதுமா மாப்பிள்ள?”

அப்பா ஒரு சண்டைக்குத் தயாராக நின்றிருந்தார். முப்பத்தெட்டு வருடம் சேர்த்து வைத்த கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்க விடாமல் மாமா ஒரே மூச்சில் முடித்துவிட்டார். அப்பா நிலையை விட்டு விலகினார். “உள்ள வாங்க” என்று அவர் சொன்னது அவருக்கே கேட்டிருக்காது.

மாமா கை கழுவப் பின்பக்கம் போனார். அவள் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

“நிறப்பட்டைக்கு அப்புறமும் பாத்தேன் மாமா,” என்றாள்.

மாமா குழாயை மூடினார். அவருக்கு நிறப்பட்டை என்றால் என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் புரிந்துவிட்டது.

“எந்தத் தொகுதி?” என்று கேட்டார்.

சொன்னாள்.

“அதுலயா வச்சேன்? எனக்கே மறந்துபோச்சும்மா. குடுக்கறதுக்கு முன்ன ரெண்டு தடவ பதினொண்ணையும் பொரட்டினேன். ஆம்படல. எங்கயோ விழுந்து தொலஞ்சுதுன்னு நிம்மதியா குடுத்துட்டேன்.”

கிழித்துப் போட்டிருக்கலாமே, எரித்திருக்கலாமே என்றாள். மாமா அவளை வினோதமாகப் பார்த்தார். “அது பதிவுடா,” என்றார்.

“அப்பாவுக்குத் தெரியுமா? கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருக்கா அவருக்கு?”

“அதை நான் கேட்டதே இல்ல. கேட்டா பதில் சொல்லணும்ல அவரு.” துண்டை வாங்கி விரல் விரலாகத் துடைத்தார். “நீயும் கேக்காத.”

கேட்காமல் விடுவது அவளுக்கு வராத வேலை. சந்தேகம் இருக்கிற பக்கத்தை மூடிவிட்டு அடுத்ததற்குப் போனால் அவளுக்குக் கை அரிக்கும்.

கூடத்தில் மாமா ஃபைலைத் திறந்தார். ஆபரேஷனுக்கு உறவினர் ஒருவர் கூட இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும், மூன்று தாள், தங்கச்சி போட்டால் போதும் என்றார். அப்பா கையை நீட்டினார். ஜெயித்தவர் காட்டும் பெருந்தன்மை முகத்தில் இருந்தது.

“அவ எதுக்கு? குடுங்க, நான் போடறேன்.”

தாள்களை வாங்கி அப்பாவிடம் கொடுத்தது அவள்தான். மூன்று தாளுக்கும் அடியில் நாலாவதாக அந்த நகலை வைத்தாள். பேனாவைத் திறந்து கொடுத்தாள். படிக்காமல் அதிலும் போட்டுவிட்டார் என்றால் அன்றைக்கும் படிக்காமல்தான் போட்டார். அவ்வளவு தெரிந்தால் போதும் அவளுக்கு. மாமா அவள் செய்ததைப் பார்த்துவிட்டார். கையைப் பாதி தூக்கி, அப்படியே மடியில் போட்டுக்கொண்டார்.

அப்பா முதல் தாளில் போட்டார். மருந்து என்ன விலை என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டே இரண்டாவதில் போட்டார். பதிலுக்குத் தலையாட்டிக்கொண்டே மூன்றாவதில் போட்டார். நாலாவது தாள் மேலே வந்தது. பேனா இறங்கியது.

காகிதத்தைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றது.

அம்மா சமையலறையில் டம்ளர்களை எடுக்கும் சத்தம் கேட்டது. அப்பா பேனாவைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். மூன்று தாளுக்கும் எடுக்காத கண்ணாடி. ஒன்பது வரிசையையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார். அதில் படிக்க ஒன்றுமே இல்லை, ஒன்பது கிறுக்கல்களும் ஒன்பது தேதிகளும்தான். ஆனாலும் ரொம்ப நேரம் படித்தார். அவளைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்க்கவில்லை.

பிறகு பேனாவை எடுத்தார். ஆறாவது வரிசையில் இருந்த தன் கையெழுத்தின் மேல், இடமிருந்து வலமாக, நேராக ஒரே ஒரு கோடு போட்டார். அடியில் இருப்பது தெரியும்படியான கோடு. அதன் பக்கத்தில், வால் தூக்கிய புதுக் கையெழுத்து ஒன்று. அதற்கும் பக்கத்தில் இன்றைய தேதி.

தாளைத் திருப்பி மாமா பக்கம் தள்ளினார். பேனாவையும் அதன் மேல் வைத்தார்.

“படிக்காம போட்டது மச்சான்,” என்றார். “வாரக் கடைசியில எல்லாத்தையும் அடுக்கி வச்சுப் போடுவேன். அட்டையத்தான் பாப்பேன்.”

மாமா பேனாவை எடுத்தார். திருத்தத்தைச் சரிபார்த்துப் பரிசோதகர் போட வேண்டிய கையெழுத்தைக் கோட்டின் ஓரத்தில் போட்டார். அதற்கும் தேதி போட்டார். தாளை ஃபைலில் வைக்காமல் மேசை மேலேயே விட்டார்.

எப்போதிலிருந்து தெரியும் என்று அவள் கேட்க வாயெடுத்தாள். நேற்று மஞ்சள் வால் என்று சொன்ன நிமிடத்திலா, முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னாலேயா? அப்பாவின் முகத்தில் ஜெயித்த களை போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் என்ன வந்திருக்கிறது என்று அவளால் படிக்க முடியவில்லை. இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

அம்மா டீயோடு வந்தாள். மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, மறுபடி ஏதாவது ஆரம்பித்துவிட்டீர்களா என்றாள். இல்லை, ஒரு பழைய சீட்டு, தப்பு இருந்தது, திருத்தினோம் என்று அப்பா சொன்னார். யாருடைய தப்பு என்று அம்மா கேட்டாள்.

“என்னோடதுதான்,” என்றார் அப்பா. “டீய வை.”

அம்மா கண்ணை விரித்து அவளைப் பார்த்தாள். அவள் கை தன்பாட்டில் ஆஸ்பத்திரித் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தது. முதல் தாள் சரி. மூன்றாவது சரி. இரண்டாவதை மறுபடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். உறவினர் என்ற இடம் காலியாக இருந்தது. அதற்கு மேலே, நோயாளி என்ற இடத்தில், தன் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய முழுச் சம்மதம் என்று எழுதியிருந்த வரிக்கு நேராக, வால் தூக்கிய கையெழுத்து அழகாக உட்கார்ந்திருந்தது.

தாளை அப்பாவுக்கு முன்னால் வைத்து அந்த இடத்தை விரலால் காட்டினாள். மாமா எட்டிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்சு வலிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்.

“ஒத்தக்கோடு மாப்பிள்ள,” என்றார். “கிறுக்கிடாதீங்க.”

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பேனாவுக்குக் கையை நீட்டினார். இந்தத் தடவை தாளில் இருந்ததை முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.